மத்தியான பலூன்

வானிலை ஆபீஸில் அவருக்கு 'மத்தியானம் சார்' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, முதுகுக்குப் பின்னால்தான். மூடுபனி வருமா, இயக்குநர் மகள் கல்யாணத்தைத் தோட்டத்தில் வைக்கலாமா, எதைக் கேட்டாலும் மனுஷர் வாயிலிருந்து ஒரே பதில்தான் வரும்: "மத்தியான பலூன் வரட்டும், பார்க்கலாம்." கருவி கட்டி மேலே அனுப்புகிற பலூன் அது. எந்த உயரத்தில் எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று போகிற வழியெல்லாம் கீழே சொல்லிக்கொண்டே போகும்.

அவருக்குக் கொடுத்திருந்த வேலை, உயரழுத்தங்களைக் கண்டுபிடித்துப் பின்தொடர்வது. காற்று மேலேயிருந்து கீழே அமுங்கி உட்காருகிற இடம்தான் உயரழுத்தம். அமுங்குகிற காற்று சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் மாதிரி சூடேறும். மேகம் கூடாது, இலை அசையாது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் நகர்ந்துவிடும். சிலது மட்டும் வந்த இடத்தில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, வருகிற மேகத்தையெல்லாம் சுற்றிப் போகச் சொல்லிவிடும். அந்த ரகத்துக்கு ஆபீஸில் 'வீட்டோட மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை ஐந்து நாள் தங்கிவிட்டால் சிவப்பு எச்சரிக்கை விழும். விழுந்த உடனே வெயிலிலும் வெக்கையிலும் நடக்கிற வேலைகளை நிறுத்தியாக வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. விழாத வரைக்கும் ஒரு முதலாளியும் அசைய மாட்டான்.

நாளை எண்ணுவது கம்ப்யூட்டர். ஒவ்வொரு உயரழுத்தத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கும். அதன் மையம் நேற்று இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால் அதே ஆள் என்று ஒரு நாளைக் கூட்டும். மையம் தள்ளிப்போயிருந்தால் வேறு ஆள் என்று புது எண் போட்டு, முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கும். வம்பு இங்கேதான். பெரிய உயரழுத்தத்துக்குச் சமயத்தில் இரண்டு மையம் இருக்கும். மேற்கே இருப்பது இளைத்து, கிழக்கே இருப்பது கொழுத்தால் போச்சு, கம்ப்யூட்டருக்கு அது புது ஆள். தூக்கத்தில் புரண்டு படுத்தவனைப் பார்த்து 'நீ யாருப்பா' என்று கேட்கிற கதை. அதனால்தான் பணியில் இருக்கிற அதிகாரி இரண்டு எண்ணையும் சேர்த்துக் கையெழுத்துப் போடலாம் என்று ஒரு வழி வைத்திருந்தார்கள்.

போன கோடையில் அவர் அப்படித்தான் சேர்த்தார். சிவப்பு விழுந்தது, ஊரே வேலையை நிறுத்தியது. சாயங்காலம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. இரண்டும் நிஜமாகவே வேறு வேறு ஆள். பத்திரிகைக்காரர்கள் குடை பிடித்த சூரியனை வரைந்து கிழி கிழி என்று கிழித்தார்கள். இயக்குநர் எல்லார் முன்னாலும், "கை அரிச்சா சொறிஞ்சுக்கங்க. மேப்புல வைக்காதீங்க" என்றார். அன்றைக்குப் பயந்தவர்தான். பலூன் வராமல் எதையும் தொடுவதில்லை என்று ஆகிவிட்டது.

வீட்டில் அவரும் அக்காவும் மட்டும். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவின் புருஷன் போய்ப் பல வருஷமாகிறது. ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் அக்காவுக்கு இஸ்திரி வேலை. ஜன்னல் இல்லாத அடித்தளம், வரிசையாக நீராவி மேஜைகள். பெண்கள் நின்றபடியே படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தள்ள வேண்டும். அவளுக்கு அறுபதைத் தொடுகிற வயசு, ரத்தக்கொதிப்பு வேறு.

அன்று காலை அவள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் வேலையில் தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"லீவு போடேன்க்கா."

"போட்டா, அப்படியே இருந்துக்கோன்னு சொல்லிடுவான் அந்த சூப்பர்வைசர். சிவப்பு விழுந்தா சம்பளத்தோட விடறேன்னு அவனே சொல்றான். உன் மாப்பிள்ளைக்கு இன்னைக்கு அஞ்சாவது நாள்தானே?"

"ஆமா. ஒன்பது மணிக்கெல்லாம் விழுந்துடும்."

"அப்ப என்ன, பத்து மணிக்கு வீட்ல இருப்பேன். அதுவரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னுட்டாப் போச்சு."

சொல்லிவிட்டு அவள் கிளம்பிப் போனாள். அவரும் தைரியமாகத்தான் ஆபீஸுக்கு வந்தார். வந்து திரையைப் பார்த்தால், புது எண். பக்கத்தில் 'முதல் நாள்' என்று இருந்தது.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்கிற அம்மாள் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்தாள். "சார், உங்க மாப்பிள்ளை ராத்திரியோட ராத்திரியா வேற வீடு பார்த்துட்டார் போல."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ரெண்டும் ஒண்ணுதாம்மா. மேற்க இருந்தது கிழக்க புரண்டிருக்கு, அவ்வளவுதான்."

"எனக்கும் அப்படித்தான் படுது. சேர்த்துடுங்க சார்."

சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மூக்கைச் சிந்துகிற நேரம். மனுஷர் மவுஸ் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடை பிடித்த சூரியன் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கையை எடுத்துவிட்டு இயக்குநருக்குப் போன் போட்டார்.

"கையெழுத்து உங்களோடது, முடிவும் உங்களோடது" என்றார் இயக்குநர். "போன வருஷம் மாதிரி ஆச்சுன்னா மட்டும் எங்கிட்ட வராதீங்க."

அது போதாதா? அவர் பலூனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு ஜென்மம்.

பதினோரு மணி வாக்கில் அக்கா யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது போலப் பேச்சு குழறியது.

"என்னடா, போட்டுட்டியா?"

"ஒரு சின்னச் சிக்கல்க்கா. மத்தியான பலூன் வந்ததும் போட்டுடறேன். நீ நிக்காதே, இப்பவே கிளம்பி வீட்டுக்குப் போயிடு."

"இவ்வளவு நேரம் நின்னாச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துக்காக இருக்கிற வேலையை விடச் சொல்றியா? நீ போடு, நான் நிக்கிறேன்."

போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அவருக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. பலூன் விடுகிற மைதானத்துக்குப் போய், அங்கே வாயு நிரப்பிக்கொண்டிருந்த ஆளிடம் கெஞ்சினார். "கொஞ்சம் முன்னாடியே விட்டுடுப்பா."

"நேரம் என் கையிலயா சார் இருக்கு? உலகம் பூரா ஒரே நேரத்துல விடறது. முன்னாடி விட்டா கணக்குல சேராதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க."

அவர் வெயிலிலேயே நின்றார். தகரக் கொட்டகை அனலாகக் கொதித்தது. நேரம் வந்து பலூனை விட்டபோது அது எந்தப் பக்கமும் சாயாமல் நட்டக்குத்தலாக மேலே போனது. தள்ளிவிடக்கூட மேலே காற்று இல்லை. அதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் எண்கள் வருகிற வரை திரைக்கு முன்னால் விரலைக் கடித்துக்கொண்டு நின்றார். வந்தன. நேற்றும் அதற்கு முந்தின நாளும் இருந்த அதே சூடான வறண்ட அடுக்கு, அதே உயரத்தில், பானைக்கு மூடி போட்டது போல அப்படியே இருந்தது. மேற்கு ஊர் ஆபீஸில் விட்ட பலூனும் கிழக்கு ஊர் ஆபீஸில் விட்ட பலூனும் அதையேதான் சொல்லின. ஒரே மாப்பிள்ளை. ராத்திரி முழுக்க இங்கேயேதான் இருந்திருக்கிறார்.

இரண்டு எண்ணையும் சேர்த்தார். கையெழுத்துப் போட்டார். சிவப்பு விழுந்தது. உடனே சலவைக்கூடத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டபோது சூப்பர்வைசரே எடுத்தான்.

"உங்க அக்கா மேஜை மேலயே சாஞ்சுட்டாங்க சார். அரை மணி நேரமாச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கு."

ஆஸ்பத்திரியில் அவளை ஈரத்துணியிலும் பனிக்கட்டியிலும் சுற்றிப் போட்டிருந்தார்கள். அவர் அவள் கையைத் தொட்டார், அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி சுட்டது. "அக்கா, போட்டுட்டேன்க்கா" என்று காதோரம் குனிந்து சொன்னார். அவள் கண் பாதி திறந்திருந்தது, அவரைப் பார்க்கவில்லை. அவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். ஒன்பது மணிக்கு விரலை ஒரு தடவை அழுத்தியிருந்தால் இந்நேரம் இவள் வெக்கையைத் திட்டிக்கொண்டு வீட்டில் விசிறியடியில் படுத்திருப்பாள். அது அவருக்குத் தெரியும். தலையைச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, அதைக்கூட அவர் செய்யவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து டாக்டரம்மாள் வெளியே வந்து, "எங்களால முடிஞ்சதெல்லாம் பண்ணிட்டோம், காப்பாத்த முடியலை" என்றாள். அவர் "சரிம்மா" என்றார். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அப்போதுதான் இஸ்திரி போடுகிற பெண்கள் ஏழெட்டுப் பேர் மாடிப்படி ஏறி வந்தார்கள். எல்லார் முகமும் சிவந்து, தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. ஒருத்தி அவரை அடையாளம் கண்டுகொண்டு கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சிவப்பு போட்டுட்டீங்களாம்ணா. எங்க எல்லாரையும் சம்பளத்தோட விட்டுட்டாங்க. காலையிலயே நாங்க நாலஞ்சு பேர் வேலையைத் தூக்கிப் போட்டுட்டுக் கிளம்பறதா இருந்தோம். அக்காதான் தடுத்தாங்க. என் தம்பி வாக்குக் கொடுத்திருக்கான், பொறுங்கடின்னாங்க." அவள் கதவுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தூங்கறாங்களாண்ணா? எழுப்ப வேணாம். எழுந்ததும் சொல்லுங்க, தம்பி சொன்னபடியே செஞ்சுட்டாருன்னு நாங்க எல்லாரும் வந்து சொல்லிட்டுப் போனோம்னு."

அவர் உட்கார்ந்தபடியே, "சொல்றேம்மா" என்றார்.