யாரும் கைதட்டாமலே ஆடினாள்

எங்கள் மகள் நிலாவுக்கு அப்போது பத்து மாதம். உட்கார வைத்தால் முன்னும் பின்னும் ஆடுவாள். "சாய்ந்தாடுறா பாரு!" என்று வீடே கைதட்டும். சென்னை அஸ்தினாபுரத்தில் எங்கள் பக்கத்து ஃபிளாட்காரர்கள்கூட வந்து தட்டிவிட்டுப் போவார்கள். நானும் வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் மதியம் துணி மடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். யாரும் கைதட்டவில்லை. ஆனாலும் நிலா ஆடிக்கொண்டிருந்தாள். பிஸ்கட்டை எடுக்கப் போன கை நடுங்கி, அதைத் தவறவிட்டுப் பக்கத்தில் இருந்த பாயைத் தொட்டது. முகத்தில் சிரிப்பே இல்லை.

தாம்பரத்தில் டாக்டரிடம் வீடியோக்களைக் காட்டினேன். "தானா ஆடுறாளா, உங்களைப் பார்த்து ஆடுறாளான்னு தெரியணும். கைதட்டாத வீடியோ ஒண்ணு காட்டுங்கம்மா" என்றார். என் போனில் ஒன்றுகூட இல்லை.

பிறகு நரம்பு டாக்டர், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. அட்டாக்ஸியாவாக இருக்கலாம், உடம்பைத் தள்ளாட வைக்கும் அபூர்வமான பரம்பரை நோய் என்றார்கள். "எங்க ரெண்டு குடும்பத்துலயும் யாருக்கும் இல்லையே சார்?" என்றார் என் கணவர். அப்பா, அம்மா இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்து குழந்தைக்கு வரலாமாம். எனக்கு இன்னும் பாதி புரியவில்லை. எந்த வகை என்ற ரிசல்ட்டும் வரவில்லை. பிசியோதெரபி மட்டும் ஆரம்பித்திருக்கிறோம்.

இப்போதெல்லாம் எந்தக் குழந்தை ஆடினாலும் உடனே கைதட்டுவதில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்க்கிறேன். நிலாவுக்கு யாராவது தட்ட வந்தால், "தட்டாதீங்க!" என்று கத்தியே விடுகிறேன். அவளோ, ஏன் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள் என்று புரியாமல் எங்கள் கைகளையே பார்க்கிறாள்.