பலிபீடத்துக்குப் பின்னால் இருந்த வளைவு

எங்கள் ஊர்க் கோயிலை ஒருவரும் படம் எடுத்து வைக்கவில்லை. கல்யாணங்களைத்தான் எடுத்து வைத்திருக்கிறோம். சண்டையில் ஷெல் விழுந்து முகப்பும் கூரையும் போய், பலிபீடத்தின் பின்சுவர் மட்டும் மிஞ்சிய அந்த மாதா கோயிலைப் பழையபடியே கட்டுவது என்று வெளிநாடுகளில் இருக்கும் ஊர்க்காரர் முடிவெடுத்தபோது, வரைபடம் என் தலையில் விழுந்தது. நான் நியூசிலாந்தில், ஈஸ்ட் டாமாக்கியில் கிடங்குகளுக்குப் பிளான் கீறுகிறவன். சின்ன வயதிலேயே ஊரை விட்டவன். இவனுக்கும் பரோக் கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கல்யாண ஆல்பங்களை வாங்கி, பொம்பிளை மாப்பிள்ளைக்குப் பின்னால் தெரிந்ததை எல்லாம் அளந்து கீறினேன். அலை அலையான முகப்பும் ஓரத்துச் சுருள்களும் ஐரோப்பியப் பாதிரிமார் கொண்டுவந்த பாணி. மூலத்தைக் கண்ணால் காணாத ஊர் மேசன்மார் கடல் முருகைக்கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டியதில் சுருள்கள் முறுக்குப் போலத் தடித்துவிட்டன. அந்தத் தடிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

பலிபீடத்துக்குப் பின்னால் பதினொரு ஆல்பத்திலும் ஒரே வெள்ளை வளைவு. மிஞ்சிய சுவரிலோ அதன் அடையாளமே இல்லை. அது சுவரில் குடைந்த மாடம், பிறகு யாரோ அடைத்துப் பூசிவிட்டார்கள் என்று நானே கதை கட்டினேன். உடைத்தால் மாடம் உள்ளே இருக்கும் என்று பங்குச் சுவாமிக்கு எழுதினேன். அவர் ஊருக்குப் புதியவர். கிழட்டுச் சுவர், கை வைத்தால் முழுதும் வந்துவிடும் என்று மேசன் பயப்படுவதாகச் சொன்னார். பதினொரு படமும் பொய் சொல்லுமா என்று பாய்ந்தேன். பாவம், அடங்கிப் போனார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு உடைப்பதாக ஏற்பாடு. இங்கே அது பின்னேரம் இரண்டரை.

அன்று இரண்டு மணிக்கு, கிளென்ஃபீல்ட் வீட்டில் தேத்தண்ணி குடித்தபடி மனைவியிடம் இதைச் சொன்னேன். அவளும் அதே ஊர். கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டாள்.

"சுவரை உடைக்கிறதோ? புதுசாக் கட்டப்போறியள் எண்டல்லோ நினைச்சன்."

பிறகு மெதுவாகச் சொன்னாள். "அது சுவரில்லையப்பா. பிளைவுட். அண்ணா செய்தது."

அவளுடைய அண்ணா கடைசிச் சண்டையில் காணாமல் போனவர். ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் அந்த வளைவைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துவாராம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூண்டு கிழமையாப் பாத்துக்கொண்டுதானே இருந்தீர்?"

"ஓம். அண்ணான்ர வளைவு கல்லில வரட்டும் எண்டு இருந்தன்."

அதற்குமேல் சண்டை பிடிக்க நேரமில்லை. சுவாமியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வாட்ஸ்அப்பில் நான் எழுதியதற்கு ஒற்றைச் சரிக்குறி மட்டும் விழுந்தது. இரண்டு இருபது. இரண்டு இருபத்தைந்து. என் வீம்பால் அந்தச் சுவரும் விழப்போகிறது என்று திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஏழாவது தடவை எடுத்தார். பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

"நிப்பாட்டுங்கோ சுவாமி. பிழை என்ர."

சத்தம் நின்றது. ஒரு சாண் பூச்சுத்தான் போயிருந்தது. உள்ளே இறுகிய முருகைக்கல், மாடமும் இல்லை, மண்ணும் இல்லை. ஊர்க் குழுவிலும் என் பிழை என்றே எழுதினேன். அவளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

கணினியில் வரைபடத்தைத் திறந்து வளைவைத் தெரிவு செய்தேன். அழிக்க விரல் போகவில்லை. பின்னால் நின்றவள் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியாது. என் தோளுக்கு மேலால் கையை நீட்டி, அவளே அழித்தாள்.