தாத்தாவுக்காக ஒரு கேரம் போட்டி

என் அப்பா கடலூர் தேவனாம்பட்டினத்தில் படகு வைத்து மீன் பிடித்தவர். கடலுக்குப் போகாத நாட்களில் அவரைத் தேடுகிறவர்கள் வீட்டுக்கு வர மாட்டார்கள். நேராக வலை பின்னும் கூடத்துக்குப் போவார்கள். அங்கே கேரம் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுவதற்கு முன், வாயில் அடக்கியிருந்த புகையிலையை இடது கன்னத்துக்குத் தள்ளிக்கொள்வார். அந்தக் கன்னத்தில்தான் புண் வந்தது.

ஆறவேயில்லை. புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் காட்டியபோது புற்றுநோய் என்றார்கள். ஆபரேஷன் செய்தார்கள், கதிர்வீச்சு என்று கரண்ட் வைத்தார்கள். கொஞ்ச காலம் நன்றாக இருந்தார். அப்புறம் கழுத்தில் கட்டி வந்தது. அப்போதுதான் அங்கிருந்த டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துப் பேசினார். புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சி நடக்கிறது, இஷ்டம் இருந்தால் சேரலாம் என்றார்.

"அதுல எனக்குச் சரியாயிடுமாம்மா?" என்று அப்பா கேட்டார்.

"சொல்ல முடியாதுங்க ஐயா. ஆகலாம், ஆகாமலும் போகலாம். உங்களுக்கு அப்புறம் வர்றவங்களுக்கு உபயோகமா இருக்கும்."

அப்பா சேர்ந்துகொண்டார். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே, "எலிக்கு ஊசி போட்டுப் பாக்கறாப்பல எங்கப்பாவ வெச்சிப் பாக்கறாங்க. இதுக்கெல்லாம் நான் கூட வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதனால் அப்பா சிதம்பரத்துக்கு வந்து என் வீட்டில் தங்கினார். மருந்துக்கு நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போய் வந்தேன். மற்ற நேரமெல்லாம் அவர் என் மகள்களுக்குச் சொந்தம். பெரியவள் எட்டாவது படித்தாள், சின்னவள் நாலாவது. அவர்களுடைய சின்ன கேரம் போர்டைக் கட்டில்மேல் வைத்து மூன்று பேரும் ஆடுவார்கள். வாய் சரியாகத் திறக்காததால் அப்பா அதிகம் பேச மாட்டார். சின்னவள் ஏமாற்றி ஆடினால் மட்டும் அவள் காதைப் பிடித்து மெதுவாகத் திருகுவார்.

மருந்து அவரைக் காப்பாற்றவில்லை. காரியங்களை அண்ணன்தான் செய்தான். அதன்பிறகு அவனும் நானும் நல்லது கெட்டதுக்கு மட்டும் பேசிக்கொண்டோம்.

முதல் வருஷத் திதி நெருங்கியபோது ஒரு முதியோர் இல்லத்தில் சாப்பாடு போடலாம் என்று நினைத்திருந்தேன். பெரியவள் கேட்டாள்: "சோறு போடறது நல்லதுதாம்மா. ஆனா தாத்தா பண்ணது வேற இல்ல? அந்த ஆராய்ச்சிக்கு நாம பணம் குடுக்க முடியுமா?"

டாக்டரம்மாவிடம் போனில் கேட்டோம். எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் ஆராய்ச்சி நிதிக்கு வாங்கிக்கொள்வோம் என்றார். அன்று சாயங்காலமே மகள்கள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டார்கள். தாத்தா ஊரில், அதே கூடத்தில், தாத்தா பேரில் கேரம் போட்டி. ஆட வருகிறவர்கள் கட்டும் பணம் ஆராய்ச்சிக்கு. பள்ளிக்கூடமும் லீவு. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பெரிய படகுகள் எல்லாம் கரையில் நின்றன. ஆடுவதற்கு ஆளுக்குக் குறைவிருக்காது.

சின்னவள் சார்ட் பேப்பரில் போஸ்டர் எழுதினாள். அதைக் கூடத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு அம்மா நின்று படித்தார். அவர் கணவருக்கும் வாயில் அதே நோய்.

"தடைக்காலத்துல எவங்கையில காசு இருக்கு? இருக்கறதயும் ஆராய்ச்சிக்குக் குடுக்கணுமா? எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரிக்குப் போவ வழியில்லாம படுத்துக் கெடக்கறாரு. அவருக்குக் குடுத்தா புண்ணியமா போவும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களை என்னவோ செய்தது. பெரியவள் பசை டப்பாவைக் கீழே வைத்தாள். "ஆயா, நாங்க சுண்டலும் விக்கலாம்னு இருந்தோம். அந்தக் காசு உங்களுக்கு. ஆனா எங்களுக்குச் சுண்டல் செய்யத் தெரியாது" என்றாள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு படி கடலை வாங்கியாந்து குடு" என்றார்.

கூடத்தில் இருந்த போர்டுகள் எல்லாம் நடுவில் குழிந்து போயிருந்தன. அப்பாவின் பெரிய போர்டு அண்ணன் வீட்டில் இருந்தது. கேட்கப் போனோம்.

"அது வெளிய வராது. போய்ட்டு வாங்க" என்றான் அண்ணன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "எங்கப்பாவ வெச்சி சோதன பண்ணவங்களுக்கு நாம காசு வேற குடுக்கணுமா?"

நான் கிளம்ப எழுந்தேன். பெரியவள் எழவில்லை.

"மாமா, தாத்தா ஏன் சரின்னு சொன்னாருன்னு நீங்க அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேக்கல."

"நான் கேட்டேன். 'எனக்கு இதுவரைக்கும் குடுத்த மாத்திரையெல்லாம் யாரோ ஒருத்தன் மொதமொதல்ல முழுங்கிப் பாத்துருப்பான்ல? அவன் எந்த ஊருன்னுகூட எனக்குத் தெரியாது'ன்னாரு."

எனக்கே அது புதுச் செய்தி. பேசக் கஷ்டப்பட்ட மனிதர் இவ்வளவு நீளமாக அவளிடம் பேசியிருக்கிறார். அண்ணன் அண்ணியிடம் டீ போடச் சொன்னான். அண்ணி எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டுத் திரும்பினோம். போர்டைப் பற்றி மறுபடி யாரும் பேசவில்லை.

போட்டியன்று கூடத்தில் நிற்க இடமில்லை. அப்பாவோடு கடலுக்குப் போனவர்கள், அவர்கள் மகன்கள், மீன் விற்கும் பெண்கள்கூட ஆட வந்தார்கள். பெண்களுக்குத் தனியாக ஒரு போர்டு போட வேண்டியதாயிற்று. சுண்டல் மதியத்துக்குள் தீர்ந்து, இன்னொரு குண்டான் வேகவைத்தார்கள். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் அண்ணன் வந்தான். அண்ணியும் அவனுமாக அப்பாவின் போர்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்து நடுவில் வைத்தார்கள். அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அதைத் துடைத்தான். பவுடர் தூவி, உள்ளங்கையால் சுற்றிச் சுற்றித் தேய்த்தான். அப்பா செய்கிற மாதிரியேதான். அங்கே நிற்க முடியாமல் நான் வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

சேர்ந்த பணம் பெரிய தொகை ஒன்றுமில்லை. மகள்கள் இருவரும் என்னோடு வந்து, டாக்டரம்மா கையிலேயே கொடுத்தார்கள். அவர் அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, தாத்தா எப்படி ஆடுவார் என்று கேட்டுக்கொண்டார். அவர் கேட்டு முடிக்கும்வரை வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள்.

சுண்டல் காசு அந்த அம்மாவின் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வர உதவியது. துணைக்குப் போனது என் அண்ணன். அதை அவனே போனில் சொன்னான்.

"அந்த டாக்டரம்மாவப் பாத்தேன். அப்பாவோட மருந்து என்னாச்சுன்னு கேட்டேன். இன்னும் முடியலயாம். முடிவு தெரிய வருஷக்கணக்காவுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"ஆவட்டும்னேன். அடுத்த வாரமும் இவர கூட்டினு போவணும். அந்த வழியா வந்தா புள்ளைங்களுக்கு எறா வாங்கியாறேன், வீட்ல இருங்க" என்றான்.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கும் சிதம்பரத்துக்கும் வழி நேர் எதிர்ப்பக்கம். நான் அதைச் சொல்லவில்லை. சரி என்றேன்.