குசினி கழுவிய சனிக்கிழமை

திங்கட்கிழமைப் பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலை வெட்டி வைத்திருக்கிறேன். பெயர்களை விட்டுவிட்டு அப்படியே தருகிறேன்: "விஞ்ஞான ஆசிரியை சனிக்கிழமை காலை அகால மரணமானார். அன்னார் பிரபல வர்த்தகரின் பாசமிகு மனைவியும், அனைவர்க்கும் அன்பு மைத்துனியும் ஆவார். தகவல்: மைத்துனி." இதில் சரிபார்க்கக் கூடியது கிழமை ஒன்றுதான். அது சனி. மற்றவற்றில் எதையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

விஞ்ஞான ரீச்சரும் நானும் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். நான் சரித்திரம். ஆசிரியர் அறையில் அவருடைய மேசை எனக்கு முன்னால் இருந்தது. மெலிந்த உருவம், நெற்றியில் கீற்றாகத் திருநீறு, இரண்டு கையிலும் முழங்கை மறைக்கிற சட்டை. பங்குனி வெயிலிலும் அதே சட்டைதான். நாக்கு மட்டும் எவருக்கும் அடங்காது. நான் மன்னர்களின் ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு வந்தால், "சேர், உங்கடை சரித்திரத்திலை பொம்பிளையள் எல்லாம் கலியாணத்தோடை முடிஞ்சு போகினம். பிறகு அதுகள் உயிரோடை இருந்துதுகளோ எண்டு ஆரும் பாக்கிறேல்லையோ?" என்பார். ஒருநாள் கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்திருந்தது. அதிபர் கேட்டதற்கு, "எங்கடை வீட்டுக் கதவுக்கு என்னிலை சரியான விருப்பம், சேர்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்களுக்கு வசதியாக இருந்தது.

கணவன் இரும்புக்கடை வைத்திருந்தான். ஊர் அவனை முதலாளி என்றது. கோயில் திருவிழாவில் ஒரு நாள் அவனுடைய உபயம். அன்று பட்டு வேட்டியோடு கோயில் மரியாதையான காளாஞ்சி வாங்குவான். அவனுடைய கை என்ன செய்யும் என்பது அவன் வீடிருந்த சிறு தெருவில், அந்த ஒழுங்கையில், எல்லோருக்கும் தெரியும். அடுத்த வளவில் இருந்தவர் என் சின்னம்மா, அம்மாவின் கடைசித் தங்கை. வேலியால் சத்தம் வரும்போதெல்லாம் வாளியை நிலத்தில் அடித்து, "முதலாளி, ஆள் நிக்கிறன் இஞ்சை!" என்று கத்துவாராம். ஒழுங்கையில் மற்ற வீடுகள் வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைக்கும். குடும்ப விசயத்தில் தலையிடக் கூடாது என்பது எங்கள் ஊரின் நாகரிகம். அந்த நாகரிகத்தை நான் வெறுக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை காலை முதலாளி ரீச்சரை வான் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டா என்று வாசல் படலையில் நின்றவர்களுக்குச் சொன்னான். அவனுடைய தமக்கையும் கூடப் போனா. கொஞ்ச நேரத்தில் ஆள் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அதன் பிறகு நடந்தது எங்கள் ஊரில் எந்தச் செத்த வீட்டிலும் நடப்பது. பிரேதம் வீட்டுக்கு வரமுன் அயல் பெண்கள் போய்ப் பொருட்களை ஒதுக்குவார்கள், கூட்டுவார்கள், கழுவுவார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஐந்து பெண்கள் போனார்கள். சின்னம்மாவும் போனார். விறாந்தை கழுவினார்கள், அறை கழுவினார்கள், கடைசியில் சமைக்கிற குசினியையும் கழுவினார்கள்.

ஆஸ்பத்திரி அறிவித்துப் பொலிஸ் வந்தபோது குசினிச் சீமெந்துத் தரை முகம் பார்க்கலாம் போல மினுங்கிக்கொண்டிருந்தது. இரத்தம் அகப்பட்டது கிணற்றடி வாழைக்குக் கீழேதான். அங்குள்ள வீடுகளில் குசினித் தண்ணீர் வீணாகப் போவதில்லை. சுவரோரத்து வாய்க்காலால் வாழைக்குப் போய்ச் சேரும். கழுவிய பெண்கள் தங்கள் கையாலேயே அவனுடைய பொய்க்குச் சாட்சி தயாரித்துக் கொடுத்துவிட்டார்கள். கிணற்றடியில் விழுந்தா என்றான். கிணற்றடியில் இரத்தம் இருந்தது. தலையில் இரண்டு இடத்தில் காயம் என்று சட்ட வைத்திய அதிகாரி சொன்னார். கிணற்றுக் கட்டுச் சுவரில் ஒருமுறையும் கல்லில் ஒருமுறையும் அடிபட்டிருக்கலாம்தானே என்று வழக்கில் எதிரியான முதலாளியின் சட்டத்தரணி கேட்டபோது, இருக்கவே முடியாது என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வர ஆண்டுகள் எடுத்தன. ஒவ்வொரு தவணைக்கும் நான் போனேன். முதலாளி வெள்ளைச் சேட்டும் திருநீறுமாகக் கூண்டில் நின்றான். நீதிமன்ற வளவு மரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் அவனுக்காகச் சோடா வாங்கிக்கொண்டு நின்றார்கள். "போனவ போயிட்டா. இருக்கிறவனையும் ஏன் சாக்கொல்லுவான்?" என்று எனக்குக் கேட்கும்படி ஒருவர் சொன்னார். கழுவிய பெண்களில் நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து, நாங்கள் கழுவினது வெறும் புழுதி, வேறொன்றும் காணவில்லை என்றார்கள். மிஞ்சியது சின்னம்மா. குசினியில் இரத்தம் இருந்தது என்று ஒருவராவது சொல்லாவிட்டால், ரீச்சர் வழுக்கி விழுந்தவ என்று சட்டமே எழுதி வைத்துவிடும்.

சின்னம்மா சாட்சி சொல்ல இருந்த வாரம் முதலாளியின் தமக்கை அவருடைய வீட்டுக்கு வந்தா. நான் அங்கே இருந்தேன். கதிரையில் இருக்கச் சொல்லியும் அவ இருக்கவில்லை.

"நீ வாய் துறந்தா எங்களுக்கு மட்டுமில்லையடி. தடயத்தை அழிச்சதெண்டு உன்னையும் உள்ளுக்குப் போடுவாங்கள். கழுவினது நீயுந்தானே?"

"ஓம் அக்கா, கழுவினன். அதைத்தான் சொல்லப் போறன்."

"உன்ரை வீட்டிலை ஒண்டெண்டால் இந்த ஒழுங்கையிலை ஒரு சனம் மிதிக்காது."

"மிதிக்கிற சனத்தை இவ்வளவு நாளும் பாத்தனான்தானே. வேலிக்கு அங்காலை அவள் கத்தேக்கை ஆர் மிதிச்சவை?"

தமக்கை போன பிறகு சின்னம்மா எழும்பி அடுப்படிக்குப் போனார். தேத்தண்ணி ஊற்றப் போய்ச் சீனிக்குப் பதிலாக உப்பைப் போட்டார். இருவரும் அதைக் குடித்து முடித்தோம்.

சாட்சிக் கூண்டில் ஏறியபோது சின்னம்மாவிடம் அந்தத் தடுமாற்றம் இல்லை. குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இரத்தம் கிடந்தது, ஆட்டுக்கல் குழவியிலும் இருந்தது, விளக்குமாற்றால் தேய்த்து வாய்க்காலுக்குத் தள்ளினோம், அதுதான் வாழைக்குப் போனது என்றார். எதிரியின் சட்டத்தரணி இளைஞர், நல்ல பேச்சுக்காரர்.

"அம்மா, அது இரத்தம் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? பீற்றூட் வெட்டின தண்ணியாயும் இருக்கலாமே?"

"பீற்றூட்டிலை தலைமயிர் இருக்குமோ, தம்பி?"

பின் வாங்கில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. நீதிபதி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். சின்னம்மா அவரைப் பார்த்துச் சொன்னார்: "நீட்டு மயிர், ஐயா. நான் விளக்குமாத்திலை இருந்து கையாலை எடுத்தனான். செத்த வீடெண்டு கழுவினம். கொலை செய்த வீடெண்டு எனக்குப் படேல்லை. பட்டிருந்தா அந்த வாளியைத் தொட்டிருக்க மாட்டன்."

முதலாளி கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. மரண தண்டனை என்று வாசிக்கப்பட்டது. இந்த நாட்டில் அதன் பொருள் சிறை. மேன்முறையீடு இன்னும் கிடப்பில் இருக்கிறது. தீர்ப்பன்று நான் மகிழ்ச்சி அடைந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. அவன் முகம் வெளிறியதைக் கண் எடுக்காமல் பார்த்தேன்.

ஒழுங்கை தன் தீர்ப்பையும் கொடுத்தது. சின்னம்மா வீட்டு வேலியில் ஆள் போய்வர இருந்த பொட்டு வழியை மற்றப் பக்கத்து வீட்டார் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். இப்போது எந்தச் செத்த வீட்டிலும் அவரைக் கழுவக் கூப்பிடுவதில்லை; தானாகப் போனாலும் வாளியை வாங்கி வைத்துவிடுகிறார்கள். "உவ வந்தா கோட்டுக்கும் சொல்லிப் போடுவா," என்று ஒருத்தி பகிடியாகச் சொன்னாளாம். சின்னம்மா இதை எனக்குச் சொல்லிவிட்டு, "சொல்லுவன்தான்," என்றார்.

ரீச்சர் செத்த மாதமான பங்குனியில், இந்த ஆண்டும் பத்திரிகையில் நினைவஞ்சலி வந்தது. ரீச்சரின் அதே படம். "உங்கள் பிரிவால் துயருறும் அன்புக் கணவர்" என்று தொடங்குகிறது. கடைசி வரி பழையபடி: "தகவல்: மைத்துனி." இதையும் வெட்டிப் பழைய அறிவித்தலோடு வைத்திருக்கிறேன்.

அந்த மைத்துனியிடம், முதலாளியின் தமக்கையிடம், இருக்கும் தகவல் ஒன்றுதான் எனக்குத் தேவை. புழுதி என்று சாட்சி சொன்ன நால்வரில் ஒருத்தி பிறகு என்னிடம் வேறு கதை சொன்னாள். ஆஸ்பத்திரியில் இருந்து தமக்கை எடுத்த தொலைபேசி அழைப்பில்தான் "குசினியை நல்லாக் கழுவி விடுங்கோ" என்று சொல்லப்பட்டதாம். அப்போது ரீச்சருக்கு இன்னும் மூச்சு இருந்ததாம்; அப்படியென்றால் அது செத்த வீட்டுக் கழுவல் அல்ல, தடயத்தைக் கழுவச் சொன்னது. சின்னம்மாவைக் கேட்டேன். "ஃபோன் வந்தது உண்மை, மோனை. என்ன கதைச்சவையெண்டு நான் கேக்கேல்லை. நான் போகேக்கை வாளியிலை தண்ணி நிரம்பி இருந்தது," என்றார். எனக்குச் சொன்னவள் அதை நீதிமன்றத்தில் சொல்ல மறுத்துவிட்டாள். தமக்கை எனக்குப் படலை திறக்கவில்லை. அந்த அழைப்பு ரீச்சரின் உயிர் போக முன் வந்ததா, பின் வந்ததா என்பதை இதை எழுதும் வரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.