பெரியம்மா தின்ற தேன்மிட்டாய்

பெரியம்மாவை வேவு பார்க்க என்னை அனுப்பியது அம்மாதான். நான் அப்போது நான்காம் வகுப்பு.

பெரியம்மா அங்கன்வாடி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடமே சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. பள்ளியில் என் அக்காவுக்குக் கொடுத்த இலவச சைக்கிள், அவள் கல்லூரிக்குப் போனபிறகு எங்கள் கொல்லையில் சும்மா கிடந்தது. ஒருநாள் பெரியம்மா அதைத் துடைத்து, காற்றடித்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். வேலையில் இருந்தபோது திருத்துறைப்பூண்டியைச் சுற்றி ஊர் ஊராக மிதித்த கால்கள், மறக்கவில்லை.

பகலில் ரேஷன் கடைக்கும் மாவு மில்லுக்கும் அதில்தான் போவாள். உடம்புக்காக ஓட்டுவது மட்டும் சமையலை முடித்துவிட்டு, ஏழு மணிக்கு மேல். வாய்க்கால் கரைச் சாலையில் பாலம் வரைக்கும் போய்த் திரும்புவாள். சைக்கிளில் விளக்கு கிடையாது. கேரியரில் உட்கார்ந்து டார்ச் அடிப்பது என் வேலை. பாலத்தடிக் கடையில் அவள் இனிப்பு ஏதும் வாங்கித் தின்கிறாளா என்று பார்த்துவந்து சொல்வது அம்மா தனியாகக் கொடுத்த வேலை. பெரியம்மா அந்தக் கடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மூன்று மாதத்தில் சர்க்கரை நன்றாக இறங்கியது. முழங்கால் வலிகூடக் குறைந்தது. பெரியப்பாவுக்கு மட்டும் பயம் தீரவில்லை. ஒரு தடவை தலை சுற்றியதாகக் கேள்விப்பட்டாலும் சைக்கிளை விற்றுவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஐப்பசியில் ஒருநாள் மழை வருகிறமாதிரி இருந்தது. அதற்குள் போய்வந்துவிடலாம் என்று பெரியம்மா மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். திரும்பும் வழியில் சைக்கிள் ஒரு பக்கமாக இழுத்தது. காலை ஊன்றி நிறுத்தி, என்னை இறக்கிவிட்டு, மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தக் குளிர்காற்றிலும் அவள் முகமெல்லாம் வேர்வை. கை நடுங்கியது.

“பாப்பா, பையில என்ன வச்சிருக்க?”

ஐந்து தேன்மிட்டாய் இருந்தது. மறுநாளைக்கென்று வைத்திருந்தேன். “ஒங்களுக்குத் தரக்கூடாது பெரியம்மா. சர்க்கரை.”

“குடுடி.”

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. கொடுத்துவிட்டேன். ருசி பார்க்காமல் ஒவ்வொன்றாக மென்று ஐந்தையும் விழுங்கினாள். வயலில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டில் சொல்லவேண்டாம் என்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்து வந்தோம்.

வாசலுக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியம்மா என் மிட்டாயையெல்லாம் தின்றுவிட்டதாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

“ஏன்க்கா, சின்னப்புள்ள கையில இருக்குறத வாங்கியா திங்கணும்?” என்றாள் அம்மா. பெரியப்பா தன் பங்குக்கு நாக்கைக் கட்டத் தெரியாதவள் என்று திட்டினார்.

பெரியம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள்: “ஆசையா இருந்துச்சு. தின்னுட்டேன்.”

தட்டை எடுத்து வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் தனியாக பஸ் ஏறி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். மாத்திரையைக் குறைத்துக் கொடுத்திருக்கிறார் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அன்று சாயங்காலம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு சைக்கிளை எடுத்தாள். என் கையில் ஒரு பொட்டலம் தேன்மிட்டாய் கொடுத்தாள்.

“வேணுங்கிறத தின்னு. வீடு வந்து சேர்ற வரைக்கும் ரெண்டு மட்டும் பையில இருக்கணும்.”

அன்றிலிருந்து பொட்டலம் தீரத்தீர அவளே வாங்கிவந்தாள். என் மிட்டாயைத் தின்றதற்குப் பரிகாரம் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன். கடைசி இரண்டை மட்டும் ஏன் தின்னவிடுவதில்லை என்று அவள்மேல் கோபம்கூட இருந்தது. அதனால் பல நாள் பாலம் தாண்டியதுமே, அவளுக்குத் தெரியாமல், அந்த இரண்டையும் தின்றுவிடுவேன்.