மைத்துனன் சொன்ன குழாய்

மிச்சிகன் மாநிலத்துப் பே சிட்டியின் தென்பகுதியில் நார்பர்ட் வாலிக்கியோடு சண்டை போடாத ஆள் ஒருவரைக் காட்டு என்றால் தபால்காரரைத்தான் காட்ட முடியும். அவரும் புதிதாக வந்தவர். பனி வாருகிற வண்டிக்காரன் வாசலை அடைத்துவிட்டுப் போகிறான் என்று ஒரு சண்டை, பக்கத்து வீட்டு மேப்பிள் மரம் தன் கூரைமேல் இலை கொட்டுகிறது என்று ஒரு சண்டை. மரத்தின் சொந்தக்காரரைவிட மரத்தின் மேல்தான் அவருக்குக் கோபம் அதிகம். முப்பது வருஷம் கார் உதிரிபாக ஆலையில் பிரஸ் மெஷின் முன்னால் நின்று கதவுத் தகடு அடித்தவர். அந்த இரைச்சலில் பேசிப் பழகியதால் சாதாரணமாகக் கேட்டாலும் அதட்டுவதுபோலத்தான் இருக்கும் என்று மனைவி லூசில் ஒரு காலத்தில் பிறரிடம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அவர் குரல் உயர்த்தாத ஒரே பொருள் கொட்டகையில் நின்ற கார். 1970ஆம் வருஷத்து டாட்ஜ் சார்ஜர். ஆலையில் வேலை நிரந்தரமான கையோடு வாங்கியது. நீள மூக்கு, அடங்காத எஞ்சின், பக்கவாட்டில் முன் ஜன்னலுக்கும் பின் ஜன்னலுக்கும் இடையே தூணே இல்லாத அகலத் திறப்பு. அதில் உட்கார்ந்துதான் லூசிலைப் பெண் கேட்டார். மிச்சிகன் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் கொட்டுகிற உப்பு சில வருஷத்திலேயே பின்சக்கரங்களைச் சுற்றித் தகட்டைத் தின்றது. அப்போது லூசிலின் தம்பி டுவேன் புதிதாக டிங்கரிங் பட்டறை போட்டிருந்தான். மைத்துனன் ஆயிற்றே என்று நம்பிக் காரை விட்டார். துருப்பிடித்ததை வெட்டிப் புதுத் தகடு வைத்திருக்கிறேன் என்று சொல்லி டுவேன் முழுக்கூலி வாங்கிக்கொண்டான். காரும் புதுப்பெண் மாதிரி வந்தது. அதன்பின் பிள்ளைகள் பிறந்தார்கள், கார் மேல் போர்வை விழுந்தது, போர்வை மேல் சாமான்கள் ஏறின.

ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில் நார்பர்ட் அந்தச் சாமான்களை இறக்கினார். பெயிண்டைச் சுரண்டினார். வலது பின்சக்கரத்துக்கு மேலே தகடு தேய்க்கிற கிரைண்டரை வைத்ததும் பொறி பறக்கவில்லை. இளஞ்சிவப்பாய்ப் புழுதி பறந்தது. இரும்பில்லை, பள்ளத்தை மறைக்கப் பூசுகிற பட்டி. இரண்டு விரல் கனத்துக்குப் பட்டி. அதைப் பெயர்த்து எடுத்தால் உள்ளே அலுமினியத் தகடு ஒன்றை ரிவெட் அடித்து ஒட்டுப் போட்டிருந்தது. அதைத் துடைத்துப் பார்த்தார். சிவப்பு எழுத்தில் 'இங்கே வண்டி நிறுத்தாதே' என்று எழுதியிருந்தது. நகராட்சிப் பலகை. பாதி வெட்டப்பட்ட பலகை.

நார்பர்ட் கிரைண்டரை அணைத்தார். போர்வை விழும்வரை ஊரார் முன்னால் தட்டித்தட்டிக் காட்டிய தகடு அது.

இறைச்சி விலக்குகிற தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் மீன் பொரிப்பார்கள். தென்பகுதி மொத்தமும் அங்கேதான் இருக்கும். அந்த வெள்ளிக்கிழமை நார்பர்ட் தட்டு எடுக்கவில்லை. நேராக டுவேன் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போய், அவன் முட்டைக்கோஸ் சாலட்டின் பக்கத்தில் அந்தப் பலகையை வைத்தார். ரிவெட்டுகள் அதிலேயே இருந்தன.

டுவேன் எடுத்துப் பார்த்தான். இப்போது அவனுக்கு மூன்று பட்டறை, பெருத்த தொப்பை, ஆகஸ்ட் மாதக் கார் கண்காட்சியில் நடுவர் பதவி. முகம் ஒரு கணம் வெளுத்தது. ஆனால் சுற்றி இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்லையே, இன்னும் எழுத்துகூட அழியல," என்றான். "நான் செஞ்ச வேலை நிக்கும்னு அப்பவே சொன்னேன்ல, நார்ப்."

மேசை சிரித்தது. நார்பர்ட் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு, இனி அந்தக் கார்மேல் தன் கையைத் தவிர எவன் கையும் படாது என்றும், வருகிற ஆகஸ்டில் சொந்தக்கையால் செய்த கார்களின் வரிசையில் அது நிற்கும் என்றும், அன்றைக்கு நடுவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து டுவேன் அதைக் குனிந்து பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சமையலறைவரை கேட்டது.

"முப்பது வருஷமா கதவு அடிச்ச," என்றான் டுவேன். "ஒரு கதவையாச்சும் வண்டில மாட்டிருக்கியா?"

நார்பர்ட் திரும்பி நடந்தபோது டுவேன் பின்னாலிருந்து ஒன்று சொன்னான். அதைக் கேலியாகச் சொன்னானா, தொழில்காரனின் வாய் தானாகச் சொன்னதா என்று யாருக்கும் தெரியாது.

"கதவுக்கு அடில ஓடுற கீழ்ப்பெட்டி ரெண்டும் போயிருக்கும், அதையும் வெட்டத்தான் போற. வெட்றதுக்கு முன்னாடி கதவு வாசல்ல குறுக்க குழாய் வெச்சு வெல்டு பண்ணிக்க. இல்லைன்னா வண்டி வாழப்பழம் மாதிரி வளைஞ்சிரும்."

நார்பர்ட் காதில் விழாதவர்போலப் படியேறிப் போனார்.

அதன்பின் வாலிக்கி வீட்டில் பேச்சு குறைந்தது. கீழ்க்கூடத்தில் நடந்ததை லூசில் மறக்கவில்லை. அவள் தம்பி செய்தது தப்புதான், அவளும் அதைச் சொன்னாள். ஆனால் அதை வீட்டுக்குள் கேட்காமல் பங்குச் சாமியார் பார்க்க மேசையில் வைத்ததை அவளால் மன்னிக்க முடியவில்லை. நார்பர்ட்டோ விடிந்தால் கொட்டகை, இருட்டினால் வீடு என்று ஆனார்.

டிங்கரிங் வேலை அவரை லேசில் விடவில்லை. வெல்டிங் துப்பாக்கியைப் பிடித்த முதல் நாளே தகட்டில் ஓட்டை. சூட்டைக் குறைத்தால் ஒட்டவில்லை, கூட்டினால் தகடு பொரித்த அப்பளமாய் நெளிந்தது. ஒரு பொட்டு இங்கே, ஆறவிட்டு அடுத்த பொட்டு எங்கேயோ தள்ளி என்று வைக்கவேண்டும் என்பதைத் தகடுகளைப் பாழாக்கித்தான் கற்றார். பின்பக்கத்துக்குப் புதுத் தகடு வாங்கி, ஓரத்தை இழைத்து, பொட்டுப் பொட்டாய் வைத்து, சுத்தியலால் தட்டி, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத மேடு கைக்குத் தெரிந்தது. அது தெரிந்த நாளில் அவருக்கு யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

மே மாதத்தில் கீழ்ப்பெட்டிக்கு வந்தார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே, கதவுக்கு அடியில் ஓடுகிற இரும்புப் பெட்டி அது. இந்த மாதிரி காரில் தனியாக அடிச்சட்டம் கிடையாது. அந்தப் பெட்டிகள்தான் முதுகெலும்பு. இரண்டுமே உள்ளே உளுத்துப்போய், விரலால் குத்தினால் பொத்தல் விழுந்தது. காரின் முன்பக்கமும் பின்பக்கமும் தாங்கிகளில் நின்றன. கதவுகளைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தார்.

குழாய் வைக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. மூலையில் குழாய் கிடந்தது. வேலியில் மிச்சமான நல்ல கனத்த குழாய். அதைக் கையில்கூட எடுத்தார். எடுத்ததும் கீழ்க்கூடம் நினைவுக்கு வந்தது, மேசையின் சிரிப்பு நினைவுக்கு வந்தது, 'வாழப்பழம்' என்ற சொல் டுவேன் குரலிலேயே கேட்டது. இதை வைத்தால் காருக்குள் மறுபடியும் அவனுடைய சரக்கு ஒன்று நுழைந்த மாதிரிதானே? குழாயைப் போட்டுவிட்டுக் கிரைண்டரை எடுத்தார். ஒரே நாளில் இரண்டு பெட்டிகளையும் வெட்டி எடுத்தார். கார் முனகக்கூட இல்லை. பார்த்தாயா என்று வெற்றுக் கொட்டகையைப் பார்த்துச் சொன்னார்.

புதுப் பெட்டிகளை வெல்டு செய்து முடிக்க ஜூன் பாதி ஆயிற்று. நல்ல வேலை. டுவேனே வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாத வேலை. அந்தப் பெருமையோடு ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் தூக்கி மாட்டிச் சாத்தினார். கதவு மேல்மூலையில் 'ணங்' என்று இடித்து நின்றது. கீழே விரல் போகிற இடைவெளி. அந்தப் பக்கக் கதவும் அதேபோல. கீல்களைத் தளர்த்திப் பார்த்தார், கதவையே முறைத்துப் பார்த்தார். பிறகு ஒரு நூலைப் பிடித்து முன்னிருந்து பின்வரை இழுத்துக் கட்டினார். நூல் நேராக இருந்தது. கார் நேராக இல்லை. வெட்டிய அன்றைக்கே நடு தொய்ந்துவிட்டது. தொய்ந்த முதுகை அப்படியே வைத்து, ஒரு மாசம் உழைத்து, தன் கையாலேயே கெட்டிப்படுத்தியிருக்கிறார்.

லூசில் இரண்டு நாள் அவர் சாப்பிடாததைப் பார்த்தாள். மூன்றாம் நாள் கொட்டகைக்குப் போனாள், கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு வந்தாள். அன்று மாலை சமையலறையில் சொன்னாள்:

"டுவேன்கிட்ட பேசினேன்."

நார்பர்ட் முட்கரண்டியைக் கீழே வைத்தார்.

"பட்டறைல வண்டிய நேராக்குற மேடை இருக்காம். ராத்திரி கொண்டுவந்து விடச் சொல்றான். ரெண்டு நாள் வேலையாம். காசு வேணாமாம். வெளிய ஒருத்தருக்கும் தெரியாதுங்கிறான். நீ ஆகஸ்டுக்குப் போலாம்."

இதை அவனிடம் சொல்ல உன்னை யார் கேட்டது என்றார் நார்பர்ட். அவன் வாய்விட்டுச் சிரித்திருப்பானே என்றார். இவ்வளவு காலம் தன் வீட்டு உப்பைத் தின்றவள் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினார்.

"சிரிக்கல," என்றாள் லூசில். "அதான் உனக்கு வலிக்குது. சிரிச்சிருந்தா உனக்கு நல்லா இருந்திருக்கும்."

"அவன் கை பட்டா அது என் வண்டி இல்ல."

"அப்ப சொந்தக் கையாலயே கோணலாக்கி வெச்சுக்க. எனக்கென்ன. எங்க வீட்டு ஆளுங்க முன்னாடி என்னைத் தலைகுனிய வெச்சியே, அது இதுக்குத்தானா?"

அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். நார்பர்ட் கொட்டகைக்குப் போய் விளக்கைப் போட்டார். ராத்திரியோடு ராத்திரியாகப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஆகஸ்டில் சொந்தக்கை வரிசையில் நிறுத்தி, அதை டுவேன் குனிந்து பார்த்து ஒன்றும் சொல்லாமல் மதிப்பெண் போடுகிற காட்சியை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். அந்த நகராட்சிப் பலகையைவிட மோசமான பட்டி அது. மறுநாள் காலை, தான் வைத்ததிலேயே மிக அழகான வெல்டு ஓடிய இடத்தில் கிரைண்டரை வைத்தார்.

ஒரு மாச வேலையை வெட்டியெடுக்க மூன்று நாள் ஆயிற்று. நடுவில் ஜாக்கி கொடுத்து மயிரிழை மயிரிழையாகத் தூக்கினார். தூக்கி, கதவை மாட்டிப் பார்த்து, கழற்றி, மறுபடியும் தூக்கி. கதவு இடிக்காமல் போன அன்றைக்கு மூலைக்குப் போய் அந்தக் குழாயை எடுத்தார். இந்தமுறை போடவில்லை. அளந்து வெட்டி, கதவு வாசலில் குறுக்காக வைத்து வெல்டு செய்தார். வெல்டு வைக்கும்போது ஒருவனைத் திட்டிக்கொண்டே வைத்தார் என்பதை அண்டைவீட்டார் இன்றும் சொல்வார்கள். யாரை என்று அவர்களுக்குத் தெரியவில்லை. டுவேனையா தன்னையா என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

ஆகஸ்ட் வந்தபோது சார்ஜர் பெயிண்டுக்கு முன்னால் பூசுகிற பிரைமர்கூட அடிக்காமல் வெற்றுத் தகடாய்த் தாங்கியில் நின்றது. கண்காட்சி நடந்த சனிக்கிழமை, பழைய எஞ்சின்கள் வரிசையாக உறுமிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போவது கொட்டகைக்குள் கேட்டது. ஒவ்வொன்றும் எந்தக் கார், யாருடையது என்று சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரியும். காருக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி கீழ்ப்பெட்டியின் கடைசி ஓர் அடி நீளத்தை வெல்டு செய்துகொண்டிருந்தார். கீழ்க்கூடத்தில் சொன்ன சொல் பொய்யாயிற்று என்று இந்நேரம் ஊரே பேசும். பேசட்டும் என்று வாயால் சொன்னார். மனசு கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்து டுவேன் வந்தான். நடுவர் சட்டை இல்லை, சாதாரணச் சட்டைதான். கொட்டகை வாசலோடு நின்றுகொண்டான், உள்ளே கால் வைக்கவில்லை. குழாய்கள் அறுத்தெடுக்கப்பட்டுச் சுவரோரம் கிடந்தன, முனைகளில் வெல்டின் கருகல் அப்படியே. டுவேன் அவற்றைப் பார்த்தான். நார்பர்ட் அவன் பார்ப்பதைப் பார்த்தார்.

"நேத்து உன் இடம் காலியா இருந்துச்சு," என்றான் டுவேன். "வேற யாரையும் நிறுத்த விடல."

"நான் கேட்டனா?"

"கேக்கல." பிறகு சுவரைக் காட்டினான். "குழா எங்க வாங்கின?"

நார்பர்ட் கையைத் துடைத்துக்கொண்டார். நிதானமாகத் துடைத்தார்.

"உன் வாயிலேர்ந்துதான்."

டுவேன் அதற்குச் சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. உள்ளே வந்தான். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து சாத்தினான். 'டொக்' என்று ஒரே சத்தத்தில் விழுந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துக் கதவின் இடுக்கில் செருகி மேலிருந்து கீழே இழுத்தான். கண்காட்சியில் அப்படித்தான் பார்ப்பான். முக்கால்வாசி தூரம் வழுக்கிப்போன காசு, கீழ்மூலையில் சிக்கி நின்றது.

"இங்க ஒரு நூல் இடைவெளி குறையுது. மேல ரெண்டு தட்டு, கீல்ல ஒரு முறுக்கு. விடு, நானே..."

அவன் கை கீலுக்குப் போயிற்று. நார்பர்ட் அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தார். அடிக்கவில்லை, பிடிக்கவும் இல்லை, வைத்தார்.

"அது நான் வெச்ச கோணல். கைய எடு."

டுவேன் கையை எடுத்தான். காசை மட்டும் இடுக்கிலிருந்து உருவி, பையில் போட்டுக்கொண்டான்.

"அடுத்த வருஷம் இதுக்கு மார்க் குறைப்பேன்," என்றான்.

"குறைச்சுக்க," என்றார் நார்பர்ட். "வெளில நின்னு குறை."

டுவேன் வீட்டுப் பக்கம் போனான். சமையலறையில் லூசில் அவனுக்குக் காபி ஊற்றுவது கேட்டது. நார்பர்ட் கதவை இன்னொரு தடவை திறந்து சாத்திப் பார்த்துவிட்டு, பிரைமர் டப்பாவைத் தேடினார்.