பதினாறரை அங்குலம்

என் தங்கை தையல்காரி. கடை வாசலில் ஆளைப் பார்த்ததுமே டேப்பைத் தொடாமல் அளவு சொல்லிவிடுவாள். தன் அளவை மட்டும் யாரையும் எடுக்க விடமாட்டாள். தெருவே அவளைக் குண்டம்மா என்றது, நானும்தான். வயிற்றில் குழந்தை வந்தபின் அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

"பாப்பாவுக்குப் பெரிய வீடா கட்டி வச்சிருக்கேன்க்கா."

ஏழு வருஷம் காத்திருந்து உண்டான குழந்தை அது.

மாதாமாதம் கிளினிக்குக்கு நான்தான் துணை. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை அவள் கையைச் சுற்றாது. நர்ஸ் அதைக் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு காற்றடிப்பாள். முதல் தடவை அதிகமாகக் காட்டியது.

"பட்டை சின்னது. குண்டா இருக்கறவங்களுக்கு அதிகமாத்தான் காட்டும்" என்று இருபது குறைத்து எழுதினாள். பிறகு எல்லா மாதமும் அதே இருபது. தங்கை வெட்கத்தோடு சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொள்வாள். பெரிய பட்டை வாங்கி வையுங்கள் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. நாள் முழுக்க ஊரோடு சண்டை போடுகிற வாய் இது.

எட்டாம் மாதம் முகம் வீங்கியது.

"தலை விண்ணுவிண்ணுன்னு வலிக்குதுக்கா. கண்ணு மங்குது, ஊசியில நூல் கோக்க முடியல."

"இந்த உடம்பை வச்சுக்கிட்டு மிஷின்லயே உக்காந்திருந்தா வேற என்ன ஆகும்? போய்ப் படு" என்றேன். நான்தான் சொன்னேன். என் வாயில் தீயை வைக்க.

மறுநாள் காலை வெட்டுமேசையின் கீழே வலிப்பு வந்து கிடந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றினார்கள். குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. பெண் குழந்தை.

"உடம்பு கனமா இருந்தா கர்ப்பத்துல ரத்தக் கொதிப்பு வர்ற வாய்ப்பு அதிகம்மா. இவங்களைத்தான் இன்னும் சரியா அளந்து பாத்திருக்கணும்" என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்துத்தான் கடையைத் திறந்தாள். திறந்ததும் டேப்பை என்னிடம் நீட்டினாள்.

"கையளவு எடுக்கா."

"எதுக்குடி?"

"எடு."

மேல்கையைச் சுற்றிப் பிடித்தேன். பதினாறரை அங்குலம். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துத் தானே எழுதினாள்.

"இதை அந்த நர்ஸ்கிட்ட குடு. இந்த அளவுக்குப் பட்டை வாங்கச் சொல்லு. அடுத்து வர்றவ கேக்க வெட்கப்படுவா."

தெருமுனையில் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பழைய அளவு ஒன்று, அவள் கையெழுத்தில்: பாப்பா கவுன், நீளம் பன்னிரண்டு.